சீருக்குக் கட்டின கமான்

கதவைப் பாக்காதீங்க தம்பி. வர்றவங்க எல்லாரும் மொதல்ல அந்த நசுங்குன கதவைத்தான் பாக்கறாங்க. பாத்துட்டு 'ச்சு'ன்னு ஒரு சத்தம். பின்னாடி போங்க. பின்னாடி நின்னு பாத்தாத்தான் வண்டி என்ன அழகுல நிக்குதுன்னு தெரியும். மூக்கைத் தாழ்த்திட்டு, பின்பக்கத்தைத் தூக்கிட்டு, காளை முட்ட வர்ற மாதிரி நிக்குதா இல்லியா? ஆ, அதான்.

கீழ படுத்துத்தான் பாக்கோணுமா? படுங்க. சட்டை அழுக்காயிரும், அந்தச் சாக்கை எடுத்து விரிச்சுக்கங்க. நான் இந்தச் சேர்ல உக்காந்துக்கறேன். முட்டி மடங்க மாட்டேங்குது.

விக்கறதுதாங்க. வித்தே ஆகோணும். அதை மொதல்லயே சொல்லிப்போடறேன், அப்பறம் இந்தக் கெழவி இழுத்தடிக்கறான்னு நீங்க நெனைக்கக் கூடாது. எம்மருமக சுகந்தி பெருந்துறையில அவங்கப்பன் வீட்டுல போயி உக்காந்துட்டு ரெண்டு வருசம் ஆகுது. பேத்தியையும் கூட்டிட்டுப் போயிட்டா. பேத்தி பேரு கனிஷ்கா. யாரு வெச்ச பேரோ, எனக்கு வாயில நொழையாது, நான் கனின்னுதான் கூப்புடுவேன். ஊர்ப் பெரியவங்க ரெண்டு தடவை போயிப் பேசிப் பாத்தாங்க. அவ ஒரே பேச்சு. "அந்த வண்டி அந்த வாசல்ல நிக்கற வரைக்கும் நான் வர மாட்டேன், எம்புள்ளையவும் அனுப்ப மாட்டேன். வண்டி போன அன்னைக்கு நானே கூட்டிட்டு வர்றேன்." வண்டி போனாக் கனி வரும். அவ்வளவுதான் விசயம். அதனால நீங்க வந்ததுல எனக்குச் சந்தோசந்தான் தம்பி. கோயமுத்தூர்ல இருந்து லாரியெல்லாம் கூடவே கொண்டாந்திருக்கீங்க.

டார்ச்சு வேணுமா? செல்லுலயே இருக்குதா. சரி சரி.

இது எங்க வீட்டுக்காரரு வாங்கினது. அவரு போர் வண்டி, ஆழ்குழாக் கெணறு தோண்டற வண்டி, வெச்சிருந்தாருங்க. சங்ககிரியில பாதிப் பேரு லாரி, மீதிப் பேரு போர் வண்டி. ஆந்திராவுல ஒரு மாந்தோப்புக்காரன் தோட்டத்துல போர் போடப் போனவரு, மாட்டுக் கொட்டாயில இதைப் பாத்திருக்காரு. அமெரிக்கா வண்டி. அந்தத் தோப்புக்காரனோட பாட்டன் காலத்துலயோ அப்பன் காலத்துலயோ மெட்ராசுல யாரோ வெள்ளைக்காரன்கிட்ட வாங்கினதாம். பின்சீட்டுல கோழி முட்டை வெச்சுட்டு இருந்துச்சுதாம். கோழிய எறக்கி விட்டுட்டு வண்டிய ஏத்திட்டு வந்துட்டாரு. ஊரே வந்து பாத்துச்சு. ரெண்டே ரெண்டு கதவு, மூஞ்சி மட்டும் ஒரு கட்டில் நீளம். "ஏனுங்க, ஒரு குடும்பம் போற வண்டிக்கு ரெண்டு கதவு போதுமா"ன்னு நான் கேட்டேன். "இதுக்குள்ள எட்டு சிலிண்டர் இருக்குது பாவாயி"ன்னாரு. எட்டு சிலிண்டர் இருந்தா என்ன, எட்டுப் பேரு எறங்கறதுக்கு வழி வேண்டாமா? ஆனா சத்தம் இருக்குது பாருங்க, ஸ்டார்ட் பண்ணினா எங்க வீட்டு அலமாரியில டம்ளரெல்லாம் ஆடும். எனக்கு அது பிடிக்கும். மத்தவங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

இப்ப நீங்க பாக்கறீங்களே, அந்தக் கமானு, அந்தப் பாரம் தாங்கற இரும்புப் பட்டை அடுக்கு, அதைப் பத்தித்தான் சொல்ல வந்தேன். எங்கியோ போயிட்டேன்.

எம்பொண்ணு அமுதாவப் பக்கத்து ஊருலதான் குடுத்திருக்குதுங்க. அவ மொதப் புள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான குத்தோணும், எம்பையன் லோகுதான் மாமன். அப்ப அவனுக்கு மீசை மொளைச்சும் மொளைக்காத வயசு. இந்த வண்டியிலதான் போனோம், எங்க வீட்டுக்காரரு ஓட்டுனாரு. நான், எங்க நாத்தனாரு, லோகு, சீர்ச் சாமான், அரிசிச் சிப்பம், வெல்லம், தேங்கா. கமானு அப்ப ஓஞ்சு போயிக் கெடந்துச்சு. பின்னாடி அப்படியே தரையோட தரையா உக்காந்துக்கிச்சு. சம்பந்தி வீட்டு வீதியில ஒரு வேகத்தடை. அதுல ஏறி எறங்கறப்ப அடியில கரகரகரன்னு ஒரைச்சுது பாருங்க, வீதியில பூராப் பேரும் திரும்பிப் பாத்தாங்க. எங்க சம்பந்தியம்மா வாசல்ல நின்னுட்டு, வாயில சேலைத் தலைப்ப வெச்சுட்டு, "ஏனுங்க சம்பந்தி, சீரு எச்சாப் போச்சுங்களா, வண்டி எளைச்சுப் போச்சுங்களா?"ன்னாங்க.

எல்லாரும் சிரிச்சாங்க. எங்க நாத்தனாரும் சிரிச்சா. எங்கூட வந்தவ, எஞ்சோத்தைத் தின்னவ, அவளும் சிரிச்சா.

பத்து வருசம் ஆச்சு தம்பி அதை நான் முழுங்கறதுக்கு. முழுங்கலை. சொல்லப்போனா இன்னும் தொண்டையிலதான் நிக்குது.

எங்க வீட்டுக்காரரு போனதுக்கப்பறம் வண்டி தென்னை மரத்தடியில கெடந்துச்சு. லோகுதான் அதைத் தூக்கி நிறுத்துனான். ஏழு மாசமோ எட்டு மாசமோ, போர் வேலை முடிஞ்சு வந்தா நேரா அதுக்கு அடியிலதான். கையெல்லாம் கிரீசு. சோறு ஊட்டித்தான் விடோணும். சுகந்தி ஊட்டுவா. கல்யாணம் ஆயிப் புள்ளை பொறந்து அப்பறமும் ஊட்டி விடறது என்ன பழக்கமோ, நான் கேக்கலை. எஞ்சினு, பிரேக்கு, பெயிண்டு எல்லாம் முடிஞ்சுது. கமானு மட்டும் பாக்கி. அந்தச் சமயம் பாத்து அமுதா புள்ளை பெரிய மனுசியாயிட்டா. காது குத்தினோமே, அதே புள்ளைதான். தெரட்டிச் சீரு செய்யோணும். மாமன் சீரு. மறுக்கா அதே வீதி, அதே வேகத்தடை, அதே சம்பந்தியம்மா.

லோகு டேப்ப வெச்சுட்டு அளந்துட்டே இருப்பான். சக்கரத்து நடுவுல இருந்து மட்கார்டு வெளிம்பு வரைக்கும். என்னை ஏறி உக்காரச் சொல்லுவான், அளப்பான். எறங்கச் சொல்லுவான், அளப்பான். சுகந்தியையும் கனியையும் பின்னாடி உக்கார வெச்சு அளப்பான். கனிக்கு அது வெளையாட்டு. "அப்பா நான் குண்டா, அப்பத்தா குண்டா?"ன்னு கேக்கும். "அப்பத்தாதான் கண்ணு, ரெண்டு வெரல்கடை எறக்கிட்டாங்க"ம்பான்.

அவன் சொன்னது என்னன்னா, பழைய கமானையே சூடு பண்ணி வளைவு எடுத்து, ஒரே ஒரு பட்டை எச்சா வெச்சாப் போதும். பின்னாடி கொஞ்சமா ஒசந்து நிக்கும், ஓட்டறதுக்கும் மெத்துன்னு இருக்கும். "ஆளும் பேருமா ஏறிட்டு வருசத்துக்கு ரெண்டு நாளு போவோம்மா. மத்த நாளெல்லாம் நான் ஒருத்தன்தான் ஓட்டப் போறேன். காலி வண்டிக்குத் தக்கன கட்டோணும்"ன்னான்.

நான் கேட்டேன், "வண்டி ஒருத்தனுக்கா, குடும்பத்துக்கா?"

டேப்பச் சுருட்டிட்டான். அவன் அப்படித்தான்.

நான் லாரிக்காரன் வீட்டுப் பொண்ணு தம்பி. எங்கப்பன் வீட்டுல கமானைப் பத்திப் பேசாம சோறு உள்ள போகாது. எத்தனை பட்டையோ அத்தனை கவுரதை. லோடு ஏத்தி நிக்கறப்ப பின்பக்கம் உக்காந்துட்டா அந்த லாரிக்காரனை மதிக்க மாட்டாங்க. இவன் செல்லுல படம் பாத்துட்டு எனக்குப் பாடம் நடத்தறான்.

கமான் பட்டறைக்கு நானே போனேன். மஸ்தான் பாயி பட்டறை, எங்களுக்கு மூணு தலைமுறைப் பழக்கம். அவங்க வீட்டுல ஒரு மாங்கா ஊறுகா போடுவாங்க, வெந்தயம் எச்சா, நான் எத்தனையோ தடவை கேட்டும் பக்குவம் சொல்லலை. அது கெடக்கட்டும். பாயி லோகு பக்கம் பேசினாரு. "அக்கா, லாரி லோடு ஏத்தறதுக்குன்னே இருக்குது. அதுக்குக் கட்டறோம். இது தம்பி ஒத்தையில ஓட்டற வண்டி. இதுக்கு லாரிக் கணக்கு ஆகாது"ன்னாரு. "நீங்க கணக்கைச் சொல்லாதீங்க பாயி, நான் லோடைக் காட்டறேன்"னேன்.

காட்டுனேனுங்க. மறாநாளு சீர்ச் சாமான் பூராத்தையும் பட்டறைக்கே கொண்டுபோயிட்டேன். பித்தளை அண்டா, போசி, குத்துவெளக்கு, அரிசிச் சிப்பம், பழத் தட்டு வெக்கற எடத்துக்குச் செங்கல்லு. ஆமா, பழம் அழுகிருமில்ல, அதுக்குப் பதிலாச் செங்கல்லு. வீதியில போன ரெண்டு பொம்பளைகளக் கூப்புட்டு ஏறி உக்காருங்கன்னு உக்கார வெச்சேன். சிரிச்சுட்டே உக்காந்தாளுக. நானும் உக்காந்தேன். "இப்பப் பாருங்க பாயி, பம்பரு எங்க நிக்குது?"ன்னேன். தாழ்ந்துதான் நின்னுச்சு. "ஏத்துங்க"ன்னேன். ஒரு பட்டை ஏத்துனாரு. எறங்கி நின்னு பாத்தேன். "இன்னும்"னேன். வேன் பட்டையில இருந்து வெட்டி ஒண்ணு ஏத்துனாரு. "இன்னும்." பாயி லோகு மூஞ்சியப் பாத்தாரு. லோகு அந்தக் கடைசியில ஸ்பேனரைக் கையில வெச்சுட்டு நின்னான். அவன் என்ன சொன்னான் தெரியுங்களா?

"அம்மா சொல்றாப்புல கட்டுங்க பாயி. சீரு முடிஞ்ச மறாநாளே வந்து நான் கழட்டிக்கறேன்."

தங்கம் தம்பி எம்பையன். எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டான்.

சாமான எறக்குனதும் வண்டி நின்ன நெலை இருக்குதே! இப்ப நிக்குது பாருங்க, இதே நெலைதான். பட்டறையில இருந்தவங்க எல்லாம் வேலையப் போட்டுட்டு வந்து பாத்தாங்க. லோகு மட்டும் பாக்கலை. ஒத்தையில ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்தான். "குதிக்குதும்மா"ன்னான். புதுசுன்னாக் குதிக்கத்தான் செய்யும். புதுச் செருப்புக் கடிக்கறதில்லையா?

சீரன்னைக்குப் போனோம். கேளுங்க. பின்னாடி நானு, சுகந்தி, கனி, எங்க நாத்தனாரு, அவளையும் வேணும்னேதான் ஏத்திட்டுப் போனேன். டிக்கி நெறையச் சாமான். சம்பந்தி வீட்டு வீதியில திரும்பறோம். வேகத்தடை வருது. நான் மூச்சைப் புடிச்சுட்டு உக்காந்திருக்கேன். ஏறுச்சு, எறங்குச்சு. ஒரு சத்தம் இல்ல. பலகையில வெச்ச மாதிரி நேராப் போயி சம்பந்தியம்மா வாசல்ல நின்னுச்சு. அவங்க வாயைத் தொறக்கலை தம்பி! "வாங்க சம்பந்தி"ன்னு மட்டும் சொன்னாங்க. அந்த ஒரு நிமிசத்துக்கு எவ்வளவு பட்டையும் போடலாம்.

அப்பறம் சாமானெல்லாம் எறக்கி வெச்சு, தட்டு அடுக்கி, சம்பந்தியம்மா ஒவ்வொண்ணாப் பாத்துட்டு வந்தாங்க. பாத்துட்டு, "எண்ணெய்க் கிண்ணி காணமுங்களே சம்பந்தி"ன்னாங்க. புள்ளைக்கு எண்ணெய் வெக்கறதுக்கு வெள்ளிக் கிண்ணி, மாமன் வீட்டுதுதான் வெக்கோணும். பீரோவுல வெச்சவ எடுக்காம வந்துட்டேன். "பரவால்லீங்க, எங்க வீட்டுக் கிண்ணி இருக்குது, அதுல வெச்சுக்கலாம்"ன்னாங்க. எப்படிச் சொன்னாங்கன்னு உங்களுக்கு நான் சொல்லிக் காட்ட முடியாது. அந்தப் 'பரவால்லீங்க' இருக்குதே.

லோகு உடனே அமுதா வீட்டுக்காரருகிட்ட, "மாப்பிள்ளை, பைக்கைக் குடுங்க, ஒரு எட்டுப் போயி எடுத்தாந்துடறேன்"ன்னான். நான்தான் சொன்னேன், "பைக்குல எதுக்குச் சாமி? நம்ம வண்டியிலயே போ. வாசல்ல நிக்கற வண்டி, வீதிக்காரங்களும் மறுக்கா ஒருக்காப் பாக்கட்டும்"னு. அது ஒரு தாய் சொல்றதுதான. சுகந்தியையும் கூடப் போகச் சொன்னேன், பீரோச் சாவி அவ இடுப்புலதான். அவ அமுதா புள்ளைக்குப் பூ வெச்சுட்டு உக்காந்திருக்கா. கனி அவ மடியில தூங்குது. எந்திரிக்கலை. சாவிய எடுத்துக் குடுத்துட்டு, "காலி வண்டி குதிக்குதுன்னு அவரே சொன்னாருங்க அத்தை. தூத்தல் வேற போடுது. பைக்குலயே போகட்டும்"ன்னா. அத்தனை பேரு முன்னால, சம்பந்தியம்மா முன்னால, என்ற பேச்சுக்கு மாத்துப் பேச்சு! லோகு என்னப் பாத்தான், அவளப் பாத்தான். சாவிய வாங்கிட்டுப் போயி வண்டியிலதான் ஏறுனான்.

வாய்க்காப் பாலத்து எறக்கத்துல. பாலத்துக்கு முன்னால ரோடு பேத்துப் போட்டிருந்தாங்க. தூத்தல். பிரேக்குப் போட்டிருக்கான்.

நாங்க இங்க மணையில புள்ளைய உக்கார வெச்சுட்டு, மாமன் வரலையே, மாமன் வரலையேன்னு பாத்துட்டே இருக்கோம். நல்ல நேரம் போகுதுன்னு ஐயரு சத்தம் போடறாரு. மாப்பிள்ளை செல்லுதான் மொதல்ல அடிச்சுது. அவரு எந்திரிச்சு வெளிய போனாரு. திரும்பி வந்து என்னப் பாக்கலை, நேராச் சுகந்தி பக்கத்துல போயிக் குனிஞ்சு என்னமோ சொன்னாரு. அவ பூவை அப்படியே கையில வெச்சுட்டு இருந்தா. கீழ போடலை.

அந்தக் கிண்ணி இன்னும் பீரோவுலதான் கெடக்குது.

பாலத்துக்கிட்ட ஒரு டீக்கடை. அந்தக் கடைக்காரன் போலீசுல சொல்லியிருக்கான், "பின்சக்கரம் தரையிலயே படலீங்க, எகிறி எகிறி வந்துச்சு, அப்படியே வாலைச் சுத்திட்டுப் போயி மரத்துல அடிச்சுது"ன்னு. டீ ஆத்தறவனுக்குக் கமானைப் பத்தி என்ன தெரியும்? சரி, எகிறுச்சுன்னே வெச்சுக்கங்க. ஏன் எகிறுச்சு? பின்னாடி ஆளில்ல. லோடுக்குக் கட்டின கமானுக்கு மேல லோடு வேணுமில்ல? அவளும் புள்ளையும் பின்னாடி உக்காந்திருந்தா வண்டி அடங்கிப் போயிருக்கும். புருசன் கூடப் போடின்னு சொன்னேன், பூ வெச்சுட்டு உக்காந்திருந்தா. இதை நான் எழவு வீட்டுலயே சொன்னேன். சொல்லாம இருக்க முடியுமா? பொணத்துக்கு முன்னாடி சொன்னேன். எல்லாருந்தான் கேட்டுட்டு இருந்தாங்க. அவ மட்டும் எந்திரிச்சு வந்து, "நாங்க உக்காந்திருந்தா மூணு பொணம் அத்தை"ன்னா. மாமியாகாரிகிட்டப் பேசற பேச்சா அது? காரியம் முடிஞ்ச அன்னைக்கே கெளம்பிட்டா.

மஸ்தான் பாயி ரெண்டாம் நாளு வந்தாரு. அந்தத் தென்னை மரத்தடியில நின்னு தேம்பித் தேம்பி அழுதாரு. "நான் கட்டியிருக்கக் கூடாது அக்கா, நான் கட்டியிருக்கக் கூடாது"ன்னு தலையில அடிச்சுக்கறாரு. நான்தான் தேத்தி அனுப்புனேன். "பாயி, உங்க கட்டுல ஒரு கொறையும் இல்ல. ஒரு பட்டை ஒடையலை, ஒரு போல்ட்டு அறுந்து போகலை. வண்டி மரத்துல மோதியும் பின்பக்கம் அசையலை பாருங்க"ன்னேன். அதுக்கு இன்னும் அழுதாரு. பட்டறைய மூடிட்டுத் திண்டுக்கல்லுக்கு மக வீட்டுக்குப் போயிட்டாருன்னு சொல்றாங்க. எனக்கு அதான் வெசனம், அவ்வளவு நல்ல வேலைக்காரரு.

வெளிய வந்துட்டீங்களா? தண்ணி எடுத்துக்கங்க, அந்தச் சொம்புல இருக்குது. மூஞ்செல்லாம் மண்ணு. பாத்துட்டீங்கல்ல? கதவைத் தட்டி எடுத்துக்கலாம், கண்ணாடி வேற போட்டுக்கலாம். வெலை நீங்க சொன்னதே இருக்கட்டும், நான் அதுல நிக்கலை. ஒரே ஒரு சொல்லு. கமானைத் தொடக் கூடாது. அதை இறுக்கிப் புடிச்சிருக்கற யூ போல்ட்டு எம்பையன் கையால முறுக்குனது. அப்படியே இருக்கோணும்.

என்ன?

மொதல் வேலையே அதைக் கழட்டறதுதானா?

ஏனுங்க? ... இல்ல, சொல்லுங்க. மெதுவாவே சொல்லுங்க, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது.

...

அதாவது, இந்தக் கமானை வெச்சு யாரும் ஒத்தையில ஓட்டக் கூடாதுங்கறீங்க. நாளைக்கு உங்க தம்பி ஓட்டுவான், அவன் உசுருக்கு நீங்க பதில் சொல்லோணுங்கறீங்க. சரி. எம்பையன் ஓட்டுனானே தம்பி. அப்ப எம்பையன் உசுருக்கு யாரு பதில் சொல்லோணும்? ஏன் கீழ பாக்கறீங்க? நீங்க மனசுல நெனைக்கறதை வாயில சொல்லிட்டுப் போங்க.

வேண்டாம். சொல்ல வேண்டாம்.

மூணு மாசத்துக்கு முன்னால ஈரோட்டுக்காரரு ஒருத்தரு வந்தாரு, அவரும் இதையேதான் சொன்னாரு. அதுக்கு முன்னால சேலத்துல இருந்து அண்ணன் தம்பி ரெண்டு பேரு. "கமானை இங்கயே கழட்டிப் போட்டுட்டு வண்டிய மட்டும் எடுத்துக்கறோம்"ன்னாங்க. கழட்டி என்ற வாசல்லயே போடறாங்களாம்! போறவன் வர்றவனெல்லாம் அதைப் பாத்துட்டு, இதுனாலதான், இதுனாலதான்னு சொல்லிட்டுப் போறதுக்கா? கமானைக் கழட்டிட்டா நீங்க சொல்றது சரின்னு ஆயிருமில்ல. அவ சொன்னது சரின்னு ஆயிருமில்ல.

லாரியத் திருப்பச் சொல்லுங்க. இல்லீங்க, கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. நல்ல புள்ளையா இருக்கீங்க, பொய் சொல்லி எடுத்துட்டுப் போயிருக்கலாம், நீங்க சொல்லலை.

இருங்க, செல்லு அடிக்குது. பெருந்துறையில இருந்துதான். இன்னைக்கு ஆளு வர்றாங்கன்னு நேத்தே சொல்லியிருந்தேன்.

அலோ... ஆரு, கனியா? என்ற தங்கமே... சாப்புட்டேன் கண்ணு... வண்டியா? ... இல்ல கண்ணு, இன்னும் போகலை... வந்தாங்க, வந்தாங்க. சரியான ஆளு இல்ல... துணிமணியெல்லாம் எடுத்து வெச்சுட்டியா? எதுக்குச் சாமி அதுக்குள்ள எடுத்து வெச்சே? ... அழுகாத. அழுகாத கண்ணு, அடுத்த லீவுக்கு வந்துக்கலாம்... உங்கம்மாகிட்டக் குடு... கனி? உங்கம்மாகிட்டக் குடு, நான் சொல்றேன்.

வெச்சுட்டாங்க.

நீங்க இன்னும் நிக்கறீங்களா தம்பி. போங்க, நேரமாகுது, கோயமுத்தூரு போயிச் சேரோணுமில்ல. அங்க உங்களாட்டம் வண்டி வாங்கற ஆளுக நெறைய இருப்பாங்கள்ல? கமானைத் தொடாம அப்படியே எடுத்துக்கறவங்க யாராச்சும் இருந்தா வரச் சொல்லுங்க. எப்ப வேணும்னாலும் வரலாம். நான் வீட்டுலதான் இருப்பேன்.